‘பஞ்சுத்தூசி’யில் நான் பதிவு செய்யாத பாட்டு

சென்ற வாரம் டீ இடைவேளையில், ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: “‘பஞ்சுத்தூசி’ ஆல்பத்துல கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஏன் டிரம்ஸ் இல்லீங்க? மிக்ஸ் பண்ணும்போது விட்டுப்போச்சுங்களா?” விட்டுப்போகவில்லை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் அன்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

எந்த மைக்கை எங்கே வைப்பது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையெல்லாம் நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். என் காதில் மேல் ஸ்தாயி சத்தங்கள் விழுவது குறைந்துவிட்டது என்பதால்தான் நான் மிக்ஸிங் மேஜை நாற்காலியை விட்டு எழுந்தேன். ஆனால் இந்த வேலையில் காது மட்டும் போதாத நேரங்கள் உண்டு. அப்படி ஒரு நேரத்தைப் பற்றியது இது.

என் ஸ்டூடியோ ஊத்துக்குளி ரோட்டில் ஒரு பிரின்டிங் யூனிட்டின் மாடியில் இருந்தது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க கட்டிங் வேஸ்ட்டை, அதாவது பனியன் வெட்டியதில் மிஞ்சும் துணித் துண்டுகளை, மூட்டையாகக் கட்டி அடைத்து, மேலே துணி போர்த்தியிருந்தேன். அம்மன் பாட்டு, சர்ச் கொயர், பள்ளி ஆண்டு விழா நாடகம், தேர்தல் வந்தால் வேன் பிரசாரம் என்று எல்லாமே அந்த அறைக்குள் நடந்தது. ஹார்ட்கோர் ராக் என்ற ஒன்று இருப்பதே, ‘பஞ்சுத்தூசி’யைப் பதிவு செய்ய அந்த மூன்று பேரும் படியேறி வரும்வரை எனக்குத் தெரியாது.

கவின் பாடுவான், பேஸ் கிட்டார் வாசிப்பான். முதலிபாளையத்தில் அவன் அப்பாவுக்குப் பனியன் கம்பெனி. படிப்பை முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டார் நிவேதா; ஓர் எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சண்டைசர். டிரம்ஸ் ஸ்டீபன். கவின் அப்பாவின் கம்பெனியிலேயே ஓவர்லாக் டெய்லர். அவன் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே இங்கே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பான். சாப்பாட்டு நேரத்தில் மிஷின் மேஜையில் அவன் விரலால் தட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் கவின் போய்ப் பேசியிருக்கிறான்.

தங்கள் குழுவுக்கு ‘கட்டிங் வேஸ்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். என் சுவருக்குள் இருப்பது என்னவென்று தெரிந்ததும் ஸ்டீபனுக்கு ஒரே சந்தோஷம்.

“அக்கா, எங்க பேரு ஏற்கனவே உங்க செவுத்துல இருக்குலா. பெறவு நாங்க எங்க போய் ரெக்கார்டிங் பண்ண?” என்றான்.

முதல் பாட்டைக் கேட்டபோது எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது. கவின் பாடவில்லை, தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தான். டிரம்ஸ் யாரோ துரத்துவதுபோல ஓடியது. ஆனால் நிவேதாவின் கிட்டார் அந்த ஓட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. காலை நேரத்தில் நொய்யல் கரையில் பனி படிந்து கிடக்குமே, அதுபோல நீளமாக, அவசரமே இல்லாமல் பரவிக் கிடந்தது. அந்தப் பனிக்குள் ஒரு மெட்டு இருந்தது. மூன்றாவது முறை கேட்கும்போது நான் அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துச் சிரித்தான்.

பழக்கத்தில் முதலில் குரலை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்து ஒரு மிக்ஸ் போட்டுக் காட்டினேன். “அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. சாமி பாட்டாட்ட இருக்குதுங்க” என்றான் கவின். குரல் மேலே நிற்கக்கூடாது, கிட்டாருக்குள் மூழ்கி, மூச்சுக்காகத் தலையைத் தூக்குகிற மாதிரி வரவேண்டும் என்றாள் நிவேதா. அப்படிச் செய்து பார்த்ததும்தான் எனக்கு அந்த இசை விளங்கியது. வார்த்தை பாதி புரியாது. ஆனால் ஒருவன் எதையோ சொல்லியே ஆகவேண்டும் என்று தவிக்கிறான் என்பது புரியும்.

டிரம்ஸை முதலில் பதிவு செய்துவிடுவது வழக்கம். ஸ்டீபன் வேலை முடிந்து வந்து வந்து, கடைசிப் பாட்டைத் தவிர எல்லாவற்றையும் முடித்திருந்தான். கடைசிப் பாட்டில் முறை மாறி, கிட்டார் மட்டும் பதிவாகியிருந்தது. அதற்கு இன்னும் வார்த்தைகூட எழுதப்படவில்லை.

அந்த வாரம் கம்பெனியில் ஷிப்மென்ட்; பனியன் பெட்டிகள் கப்பலுக்குப் போயாக வேண்டும். எல்லோரையும் ஓவர்டைம் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போன ஸ்டீபன், சாலையோரம் விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த லாரியில் மோதிவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை நான் ஸ்டூடியோவைத் திறந்துகொண்டிருக்கும்போதே கவினும் நிவேதாவும் வந்து நின்றார்கள். கவின் சட்டைகூட மாற்றவில்லை.

“அக்கா, மைக்கப் போடுங்க. கடைசிப் பாட்ட இப்பவே எடுத்தர்லாம்ங்க.”

“வார்த்தை எழுதீட்டியா கண்ணு?”

“எழுத வேண்டியதில்லீங்க. வரும்.”

நான் தயங்கியதைப் பார்த்து நிவேதா சொன்னாள்: “இன்னைக்கு விட்டா இது வராதுங்கக்கா.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: உணர்ச்சி வரும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், போனால் கிடைக்காது. நானும் அதை நம்பியவள்தான். மைக்கைப் போட்டேன். லெவல் பார்த்தேன். கவின் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினான். கிட்டாரை ஓடவிட்டேன்.

முதலில் ஸ்டீபன் பெயரைச் சொல்லித்தான் கத்தினான். பிறகு தன் அப்பாவை. அப்பா பெயரைச் சொல்லி, கொன்னுட்டே, கொன்னுட்டே என்று. பிறகு தன்னையே. அந்த வாரம் ஓவர்டைமுக்கு ஆள் போட்டது கவின்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் அவன் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. குரல் உடைந்து, வெறும் காற்றாகி, அதன் பிறகும் நிற்கவில்லை.

நான் ரெக்கார்ட் பட்டனை அழுத்தவில்லை.

யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். கை அங்கே போகவில்லை. போகாதபோதுதான் ஏன் என்று யோசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் யாருக்காகவும் பாடவில்லை. நான் அங்கே இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது. இதைப் பதிவு செய்தால் அவன் இன்றே கேட்பான், நாளைக்கே வெளியிடுவான். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க யாராவது ஒருவர் போனில் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மனிதன் நிலை தவறிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். நாம் பட்டனை அழுத்தியதும் அந்த வழி அடைபட்டுப்போகிறது.

கவின் வெளியே வந்து சோபாவில் உட்கார்ந்தான். நிவேதா தண்ணீர் கொடுத்தாள்.

“கேக்கலாங்களா அக்கா?” சத்தமே வரவில்லை அவனுக்கு.

“பதிவு பண்ணலை கண்ணு.”

அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்துத் திரும்பவும் சொன்னேன். நிவேதாதான் பேசினாள்.

“இந்த பில்டிங் அவங்க மாமாவோடதுங்கறதுனாலயாங்க?”

அது உண்மை. என் ஸ்டூடியோ இருந்த கட்டடம் கவின் அம்மாவின் அண்ணனுடையது. அப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வந்த பிறகு, அதற்குக் கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்றும் தோன்றியது.

“அதுக்காக இல்ல சாமி. நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம்” என்றேன். பிறகு கவினிடம் சொன்னேன்: “நீ இப்பச் சொன்னது உங்கப்பாகிட்டச் சொல்ல வேண்டியது. எம்பட மைக்குகிட்ட இல்ல. அவருகிட்டப் போய்ச் சொல்லீட்டு வா. அப்பறமும் பாடோணும்னு இருந்தா, என்ன பாடுனாலும் நான் எடுத்துத் தர்றேன். ஒரு எழுத்து மாத்தச் சொல்ல மாட்டேன்.”

அவன் எழுந்து போய்விட்டான். நிவேதா கிட்டாரை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். வாசலில் திரும்பி, “நீங்க எங்க ஆல்பத்தக் கொன்னுட்டீங்க” என்றாள்.

அதன் பிறகு வெகு நாள் ஒரு தகவலும் இல்லை. அவர்கள் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நடுவில் நான் செய்த ஒரே காரியம், ஸ்டீபனின் டிரம்ஸைத் திருத்தியது. ஒரு பாட்டில் திருப்பம் வரும் இடத்தில் அவன் தாளத்தை மீறி ஓடியிருந்தான். “அக்கா, அதுல ஓடிட்டேன்லா, சரி பண்ணிருங்க” என்று அவனே கேட்டிருந்தான். இறந்தவன் கை பட்டதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று ஒரு எண்ணம் எனக்கும் வந்தது. ஆனால் அது என்னுடைய ஆசை. அவன் கேட்டது வேறு. அவன் கேட்டபடியே செய்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். அப்போது உங்கள் மனசுக்கு எது ஆறுதல் என்று பார்க்காதீர்கள். வாசித்தவர் என்ன கேட்டார் என்று பாருங்கள்.

ஒரு மத்தியானம் இருவரும் திரும்ப வந்தார்கள். கவின் மெலிந்திருந்தான். குரல் பழையபடி ஆகியிருந்தது.

“ஊட்ல சொல்லீட்டேனுங்க” என்றான்.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலீங்க.”

அவ்வளவுதான். போனிலிருந்த வார்த்தைகளை எனக்கு வாசித்துக் காட்டினான். ரொம்பச் சின்னப் பாட்டு. அதில் இரண்டு வரி:

எங்கப்பன் பெட்டி கப்பலேறிப் போயிருச்சு
நீ இன்னும் ஊடு போய்ச் சேரலியே

டிரம்ஸுக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த இடத்தைக் காலியாகவே விடலாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். தாளம் இல்லாமல் அந்தக் கிட்டார் நிற்குமா என்று எனக்குப் பயம்தான். சொல்லியும் பார்த்தேன். “நிக்காட்டிப் போகட்டுங்க” என்றாள் நிவேதா. கவின் போய் மைக் முன்னால் நின்றான். கத்தவே இல்லை. முதல் முதலாக அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு விளங்கியது. கடைசி வரிக்கு மட்டும் குரலை உயர்த்தினான்; அதுவும் தூரத்தில் போகிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. இரண்டாவது தடவை பாடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆல்பம் வெளிவரும் முன்பு கவினின் அப்பா வந்தார். தனியாக வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

“அம்மிணி, ஒரு வார்த்தை பேசோணுங்க.”

“சொல்லுங்க.”

“பையன் பாட்டுல ஒரு வரி இருக்குதாமா. பெட்டி, கப்பலுன்னு. அந்த ஒரு வரிய மட்டும் எடுத்தர முடியுங்களா? மத்ததெல்லாம் அப்புடியே இருக்கட்டும்.”

கட்டடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாவிட்டாலும் அது எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. வேலை என்று பார்த்தால் அது ஒரு நிமிஷ வேலைகூட இல்லை. தாளம் இல்லாத பாட்டு. வெட்டிய இடம் யாருக்கும் தெரியாது. அவரும் கெட்டவர் இல்லை. ஸ்டீபன் அடக்கத்தில் கடைசிவரை நின்று மண் போட்டுவிட்டு வந்தவர்.

“எடுக்கறது சுலபமுங்க. ஆனா அது என்னோடது இல்லீங்களே. அவங்கிட்டத்தான் கேக்கோணும்” என்றேன்.

“அவங்கிட்ட எப்புடிக் கேக்கறது” என்றார்.

“பாட்ட முழுசாக் கேட்டீங்களா?” என்றேன். கேட்கவில்லை; யாரோ சொன்னார்களாம். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். பாட்டை ஓடவிட்டேன். முழங்கையை முழங்காலில் ஊன்றித் தரையைப் பார்த்தபடியே கேட்டார். அந்த வரி வந்தபோதும் நிமிரவில்லை. முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“ஊட்ல வந்து எங்கிட்ட என்னென்னமோ சொன்னானுங்க. அன்னைக்கு என்னால பதில் சொல்ல முடியல.”

ஸ்பீக்கரை அணைத்தேன்.

“இப்பவும் முடியலீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். வரியை எடுப்பது பற்றி அதற்குப் பிறகு பேச்சே வரவில்லை. கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லியும் யாரும் வரவில்லை. அந்தக் கம்பெனியில் ஓவர்டைம் நாட்களில் ஆட்களை வீடுவரை கொண்டுபோய் விட ஒரு வேன் ஓட ஆரம்பித்தது என்று பின்னால் நிவேதா சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. “முன்னாடியே விட்டிருக்கலாம்” என்றாள்.

அன்று நான் பட்டனை அழுத்தாததையும், இந்த வரியை வெட்டாததையும் நீங்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டிலும் கவின் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். முதல் தடவை அது அவனை மீறி வந்தது. இரண்டாம் தடவை அவனே தேர்ந்து, அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்து பாடினான். முதலாவது வெளியே போகாமல் காப்பதும் இரண்டாவதை வெட்டாமல் விடுவதும் நம் வேலை. எது எது என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். தப்பாகவும் போகலாம். நிவேதா இன்றுவரை அந்தக் காலைப் பதிவு இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறாள்.

ஆல்பம் வந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்கு என்றுதான் அது பரவியது. இங்கே பனியன் கம்பெனிகளில் நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் வீட்டுக்குப் போய் அமைதியைத்தானே தேடுவார்கள், இந்த இரைச்சலை எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம். ஒருநாள் கொயர் பாட வந்த பெண் ஒருத்தியிடம் கேட்டேன். மடத்துக்குளத்துப் பெண், தைத்த பனியனைச் சரிபார்க்கிற செக்கிங் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள்.

“வேலை முடிஞ்சாலும் காதுக்குள்ள மிஷின் ஓடிட்டேதானுங்க இருக்கும். மெலடி பாட்டுப் போட்டா அதுக்கு மேல நிக்காதுங்க. இது அந்தச் சத்தத்தையே எடுத்துக்குது. எடுத்துட்டு வேற எங்கியோ கூட்டீட்டுப் போகுதுங்க” என்றாள். பிறகு, “கத்தோணும்னு எங்களுக்கும் இருக்குமுங்க. ஹாஸ்டல்ல எங்க போய்க் கத்தறது?” என்றாள்.

தமிழே தெரியாத ஒடிசாப் பையன்கள்கூட அதைக் கேட்கிறார்கள் என்று கவின் சொன்னான். இந்த ஆல்பம் கேட்பவர்களுக்கு எந்த ஆறுதலும் சொல்வதில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு இடத்திலும் இல்லை. நீ கேட்கிற சத்தம் எனக்கும் கேட்கிறது என்கிறது, அவ்வளவுதான். அதுவே பலருக்குப் போதுமாக இருக்கிறது.

ஆல்பம் வந்து சில வாரம் கழித்து நிவேதா ஸ்டீபனின் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். அவர் வேறொரு கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்ப்பவர். மகன் வாசித்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம். டிரம்ஸ் இருந்த மூலையைக் காட்டினேன். ஸ்பீக்கரில் முதல் பாட்டைப் போட்டேன். சிறிது நேரம் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்.

“இதுல எம் புள்ள எங்கம்மா இருக்கான்?”

கிட்டாரை நிறுத்தினேன். குரலை நிறுத்தினேன். டிரம்ஸ் மட்டும் அறையில் ஓடியது.

அவர் அழவில்லை. “சோத்துப் பானையத் தட்டிட்டே இருப்பான். ஏசுவேன்” என்றார். முடிந்ததும், “இன்னொருக்காப் போடுதியளா” என்றார். போட்டேன். அப்படியே அவன் வாசித்த பாட்டுகள் எல்லாவற்றையும் டிரம்ஸ் மட்டுமாகக் கேட்டார். நிவேதா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பாட்டுக்கு வந்தபோது, இதில் ஸ்டீபன் இல்லை, இதற்கு முன்னாலேயே போய்விட்டான் என்று சொன்னேன். “பரவால்ல, போடுங்க” என்றார். அதை முழுசாகப் போட்டேன்.

“இந்தப் பாட்டுல மட்டும் அந்தப் பையன் கத்தலியே” என்றார்.

“ஆமாங்க.”

“அழுது முடிச்சிட்டுல்லா வந்து பாடியிருக்கான்.”

நிவேதா என்னைப் பார்த்தாள்.

“அவன் எங்க வீட்டுப் பக்கம் வாரான்மா” என்றார் ஸ்டீபனின் அம்மா. “வாசல் வரைக்கும் வந்துட்டு, வண்டியத் திருப்பிட்டுப் போயிருதான். நானும் உள்ள இருந்து பாத்துட்டேதான் இருக்கேன். எனக்கும் போய்க் கூப்பிட வாய் வரல.”

நான் கவினுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் அவன் ஹலோ சொல்வது எங்களுக்கே கேட்டது.

“ஏல, நாந்தான், ஸ்டீபன் அம்மா” என்றார். “ஞாயித்துக்கிழமை கோயில்ல ஆராதனை முடிஞ்சதும் வந்துரு. வாசல்ல நிக்காத. உள்ள வா.”